மேலா, கீழா?

புதன்கிழமை. மாலை 5.40.

மாரியம்மாவின் ஆடு ஒன்று வீடு திரும்பவில்லை. அதைத் திட்டிக்கொண்டே பள்ளத்து லயத்து வீட்டு வரிசைக்கு இறங்கியவள், பழைய பால் கொட்டகைக்குள் எட்டிப் பார்த்தாள். ரப்பர் மரங்கள் இருந்த காலத்தில் பால் உறைய வைத்த சிமெண்டுத் தொட்டிகள் அங்கே இன்னும் கிடக்கின்றன. மூன்றாவது தொட்டிக்குள் வெள்ளைச் சட்டை போட்ட ஒருவர் மல்லாந்து கிடந்தார். தலைக்கடியில் இரத்தம் காய்ந்து கறுத்திருந்தது.

"ஐயோ! யாராச்சும் ஓடி வாங்களேன்!"

ஓடி வர அங்கே யார் இருக்கிறார்கள்? சுங்காய்க்கு உள்ளே இருக்கும் அந்த ஆறாங்கட்டைத் தோட்டம் செம்பனையாக மாறி இருபது வருடம் ஆகிவிட்டது. மேட்டு லயத்தில் மூன்று வீடு, பள்ளத்து லயத்தில் ஒரே ஒரு வீடு. அந்த ஒரு வீடும் கொட்டகைக்கு இருபதடி தூரத்தில், பூட்டிக் கிடந்தது. தனேஸ்வரன் என்பவனின் வீடு. காண்ட்ராக்டில் செம்பனைக் குலை வெட்டுபவன், வயது முப்பத்தெட்டு, தனியாள்.

வியாழக்கிழமை. காலை 9.15.

இன்ஸ்பெக்டர் இசபெல்லா ஈப்போவிலிருந்து வந்து சேர்ந்தபோது பாதி வேலை முடிந்திருந்தது. குறைந்தபட்சம், அந்தச் சின்னக் காவல் நிலையத்தில் எல்லாரும் அப்படித்தான் நினைத்தார்கள். இசபெல்லாவுக்கு நாற்பத்திரண்டு வயது. மாமூலான கேள்விகளைக் கேட்டுவிட்டு, எல்லாரும் எழுந்திரிக்கும் நேரத்தில் அற்பமாக ஒன்று கேட்பாள். அதற்காகவே மேலதிகாரிகளுக்கு அவளைக் கண்டால் ஆகாது.

சார்ஜன் மகேந்திரன் விவரம் சொன்னார். செத்தவர் பெயர் கென்னத், வயது நாற்பத்தாறு. ஜெலாப்பாங்கில் ஒரு கையுறைத் தொழிற்சாலையின் பணியாளர் அதிகாரி. பின்மண்டை தொட்டியின் விளிம்பில் மோதியிருக்கிறது. உயிர் போனது பிற்பகல் இரண்டரைக்கும் மூன்றரைக்கும் நடுவில். யாரோ நெஞ்சில் கைவைத்துத் தள்ளியிருக்கிறார்கள். சட்டைப் பொத்தான் இரண்டு பிய்ந்து கிடந்தது.

"மூணு மணிக்கு மேட்டுல இருந்து மாரியம்மா பாத்துருக்கு, புவான். தனேசு வீட்டு வாசல்ல நின்னானாம்."

"மூஞ்சியப் பாத்துச்சா?"

"முதுகுப் பக்கம்தான். ஆனா அவன் தொப்பி, அவன் நடை. 'டேய் தனேசு'னு கூப்பிட்டுச்சாம். திரும்பாமலே கையத் தூக்கிட்டு உள்ள போயிட்டானாம்."

"அவன் என்ன சொல்றான்?"

"அதான் சூசா, பெரிய தொல்லை. வாயே தெறக்க மாட்டேங்கிறான். நேத்து ராத்திரி எட்டு மணிக்கு பஸ்ஸ விட்டு எறங்குனான், புடிச்சிட்டோம். எங்கடா போனனு கேட்டா, ஈப்போவுல சும்மா சுத்துனேங்கிறான். யாரப் பாத்தேன்னா, யாரையும் இல்லங்கிறான்."

கென்னத்தின் சட்டைப்பையில் இருந்த தாளை மகேந்திரன் நீட்டினார். தொழிற்சாலை தன் ஊழியருக்காக ஈப்போவில் ஒரு தனியார் மருத்துவமனைக்குக் கொடுத்த கடிதத்தின் நகல். ஜெயபாலன் என்பவருக்கு இடது சிறுநீரகக் கல்லை அதிர்வலையால் உடைக்க அனுமதி. சிகிச்சை நாள், அதே புதன்கிழமை. பின்பக்கத்தில் பேனாவால் இரண்டே இரண்டு மலாய்ச் சொற்கள். அத்தாஸ்? பாவா?

"மேலா, கீழா? என்ன மேல, என்ன கீழ?"

"தெரியல, புவான். ஜெயபாலன் யாரு தெரியுமா? தனேசோட சொந்த அண்ணன்."

இசபெல்லா தாளை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டாள்.

வியாழக்கிழமை. மாலை 6.15.

ஜெலாப்பாங் அடுக்குமாடியில் மூன்றாவது மாடி. கதவைத் திறந்த ஜெயபாலனைப் பார்த்ததும் மகேந்திரன் ஒரு விநாடி திகைத்துவிட்டார். அச்சு அசல் தம்பியேதான். ஏழு வயது மூத்தவர் என்று காதோரத்து நரையை வைத்துத்தான் சொல்ல வேண்டும். அம்மாவும் அப்பாவும் அடுத்தடுத்துப் போனபோது தம்பிக்கு வயது பதினொன்று. அவனுக்குச் சோறாக்கிப் போட்டு ஆளாக்கியவர். கல்யாணமே பண்ணிக்கொள்ளவில்லை. கையுறைத் தொழிற்சாலையில் இருபத்து நாலு வருட வேலை.

"நேத்து மூணு மணிக்கு எங்க இருந்தீங்க?"

"ஆஸ்பத்திரி டேபிள்ல படுத்துக் கெடந்தேன், புவான். கல்லு ஒடைச்சாங்க."

கடுதாசியை எடுத்துக் காட்டினார். சிகிச்சை ஆரம்பம் 2.10, முடிவு 3.10. இடது பக்கம். ஈப்போவிலிருந்து அந்தத் தோட்டத்துக்கு மோட்டார் சைக்கிளில் போக ஒன்றேகால் மணி நேரமாவது ஆகும்.

"சந்தேகம்னா பாத்துக்குங்க" என்று திரும்பி நின்று சட்டையைத் தூக்கினார். இடது முதுகில், விலாவுக்குக் கீழே, கருஞ்சிவப்பாக இரண்டு வட்டங்கள். பக்கத்தில் பக்கத்தில், காப்பிக் குவளையின் வாயளவு.

"இவ்ளோ பெருசா கன்னிப் போகுமா?"

"மெஷின் அடிக்கிற எடம்லா. ஆயிரக்கணக்குல அடிக்குது. சும்மாவா?"

சட்டையை இறக்க அவர் திரும்பியபோது தொப்புளுக்குக் கீழே இடப்பக்கமாக ஒரு நீளத் தழும்பு தெரிந்தது. பழசு, வெளுத்துப் போயிருந்தது.

"அது என்ன, அப்பெண்டிக்ஸா?"

"அப்பெண்டிக்ஸ் வலப்பக்கம்ல. இதுவும் கல்லுதான். இருவது வயசுல தைப்பிங்ல கீறி எடுத்தாங்க. நம்ம ராசி அப்படி" என்று சிரித்தார்.

"கென்னத் ஏன் உங்க தம்பி வீட்டுக்குப் போனாரு?"

சிரிப்பு நின்றது. "தெரியல. நல்ல மனுசன். தம்பிகிட்ட வேலைக்கு ஆள் கேக்கப் போனாரோ என்னமோ."

இசபெல்லா அந்தத் தாளின் பின்பக்கத்தைக் காட்டினாள். ஜெயபாலன் அதைப் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார்.

"ஓ, இதுவா? எங்க தோட்டத்துல மேட்டு லயம், பள்ளத்து லயம்னு ரெண்டு உண்டு, புவான். மேல இருக்கிற வீடா, கீழ இருக்கிற வீடானு குறிச்சி வச்சிருப்பாரு."

மகேந்திரனுக்கு நிம்மதியாகிவிட்டது. "அட, ஆமா! நான் ஒரு மடையன்."

வாசல்வரை வந்த ஜெயபாலன் தானாகவே சொன்னார். "தம்பி கோவக்காரன் இல்ல, புவான். ஆனா இப்பக் கொஞ்ச நாளா ஒரு மாதிரியாத்தான் இருந்தான்."

அந்த 'ஆனா' இசபெல்லாவுக்குச் சுருக்கென்றது. கூடப் பிறந்தவன் லாக்கப்பில் கிடக்கிறான். அவனுக்கு வக்கீல் வைப்பது எப்படி என்று கேட்காமல், அவன் ஒரு மாதிரியாக இருந்தான் என்று போலீஸ்காரியிடம் சொல்ல எந்த அண்ணனுக்கு மனசு வரும்?

படியிறங்கும்போது அவள் கேட்டாள்.

"சார்ஜன், கென்னத் அந்தத் தோட்டத்துக்கு முன்ன வந்திருக்காரா?"

"இல்ல. அவர் சம்சாரம் பமேலாகிட்ட கேட்டேன். வழிகூடத் தெரியாம போன்ல மேப் போட்டுட்டுத்தான் போனாராம். 'ஒரு ஆளப் பத்தி எழுதிப் போடணும். ஆனா நேர்ல போயிப் பாக்காம எழுத மாட்டேன்'னு சொல்லிட்டுப் போயிருக்காரு."

"வழியே தெரியாதவருக்கு மேட்டு லயம், பள்ளத்து லயம்லாம் எப்படித் தெரியும்?"



வெள்ளிக்கிழமை. காலை 10.00.

மருத்துவமனையைப் போனில் கேட்டாகிவிட்டது. ஆமாம், ஜெயபாலன் வந்தார். ஐசி அடையாள அட்டையைப் பார்த்துத்தான் உள்ளே விட்டோம். மேசையில் ஒரு மணி நேரம் இருந்தார். எந்த ஓட்டையும் இல்லை. சனிக்கிழமை மதியத்தோடு தனேஸ்வரனின் ரிமாண்ட் முடிகிறது. கொலைக் குற்றம் சாட்டலாம் என்று மேலிடம் சொல்லிவிட்டது.

லாக்கப்பில் அவன் சுவரில் சாயாமல், ஒருக்களித்து உட்கார்ந்திருந்தான். முகம் சாம்பலாக வெளுத்திருந்தது. காவலுக்கு இருந்த கான்ஸ்டபிள் சீனி அவளைத் தனியாகக் கூப்பிட்டான்.

"புவான், ஒண்ணு சொல்லணும். ஒண்ணுக்குப் போனா ரத்தமாப் போகுது. நேத்துல இருந்து."

இசபெல்லாவுக்கு உடம்பெல்லாம் எரிந்தது. "யார் அடிச்சது?"

"சத்தியமா யாரும் தொடல, புவான்! எம் புள்ள மேல சத்தியம்."

அவள் உள்ளே போனாள். "சட்டையத் தூக்குப்பா."

"வேணாம், புவான்."

"தூக்கு."

இடது முதுகில், விலாவுக்குக் கீழே, உள்ளங்கை அகலத்துக்குப் பொடிப்பொடியாகச் செம்புள்ளிகள். சுற்றிலும் லேசான வீக்கம். அவள் சீனியைத் திரும்பிப் பார்த்த பார்வையில் அவன் இரண்டு எட்டு பின்னால் போனான்.

"இவங்க அடிச்சாங்களா? பயப்படாம சொல்லு. நான் இருக்கேன்."

"யாரும் அடிக்கல. மரத்துல மோதிட்டேன்."

"எப்ப?"

"எப்பவோ."

"டாக்டர வரச் சொல்றேன்."

"வேணாம், புவான்!" அதுவரை முனகலாகப் பேசியவன் சத்தம் போட்டான். "டாக்டர்லாம் வேணாம். ஒரு வலி மாத்திர குடுங்க, போதும்."

கொலைக் குற்றத்துக்குக்கூட வாய் திறக்காதவன் டாக்டர் என்றதும் பதறுகிறானே! அவளுக்கு ஒன்றும் புரியவில்லை. பக்கத்துக் கிளினிக் டாக்டர் வந்தபோது அவன் சட்டையைக் கழற்றவே விடவில்லை. மரத்தில் மோதியதென்றே சாதித்தான். பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்புங்கள் என்று டாக்டர் எழுதிய தாளில், போக மாட்டேன் என்று கையெழுத்துப் போட்டான்.

கிளம்பும்போது அவள் சீனியிடம் கேட்டாள். "இவன் யார்கூடயாவது பேசுனானா?"

"நேத்துக் காலைல ஒரே ஒரு போன். அண்ணனுக்கு. 'ரொம்ப வலிக்குதுண்ணே, சொல்லிடட்டா'ன்னான். அப்புறம் கொஞ்ச நேரம் கேட்டுக்கிட்டே நின்னான். கடைசியா, 'சரிண்ணே, பொறுத்துக்கிறேன்'னு வச்சிட்டான். வலினா என்ன வலினு நானும் கேட்டேன், சொல்லல."

அன்று இரவு இசபெல்லாவுக்குச் சோறு இறங்கவில்லை. தன் ஆட்கள்தான் ஒருத்தனைப் போட்டு மிதித்துவிட்டு, தன்னிடம் பிள்ளை மேல் சத்தியம் பண்ணுகிறார்களோ என்ற எண்ணம் அவளை அரித்தது. அப்படி இருந்தால் யூனிபார்மைக் கழற்றி வீசிவிட வேண்டியதுதான் என்று ஆத்திரமாக வந்தது. அப்படி இருந்துவிடக் கூடாதே என்று பயமாகவும் இருந்தது.

சனிக்கிழமை. காலை 9.30.

போனில் கேட்டதை நேரில் கேட்காமல் அவளால் ஒரு கேஸை மூட முடியாது. மருத்துவமனையில் கல் உடைக்கும் இயந்திரத்தை இயக்குபவள் பெயர் மெலிண்டா. ஒரு நோயாளியை மேசையில் ஏற்றிவிட்டு, கண்ணாடித் தடுப்புக்கு இந்தப் பக்கம் வந்து பேசினாள். உள்ளே இயந்திரம் டக், டக், டக் என்று ஒரே சீராக அடித்துக்கொண்டிருந்தது.

"புதன்கிழமை வந்த ஜெயபாலன், ஞாபகம் இருக்கா?"

"இருக்கு. ரொம்பப் பயந்தாரு. 'அண்ணே, மூச்ச இழுத்து விடுங்க'னு சொல்லிட்டே இருந்தேன். மூவாயிரம் அடி. கல்லு நல்லாத் தூளாச்சி."

"அடிச்ச எடத்துல எப்படி இருக்கும்? வட்டமா கன்னிப் போகுமா?"

"வட்டமா? இல்லையே. பொடிப்பொடியா செவந்திருக்கும், வேர்க்குரு மாதிரி. வட்டமா இருந்தா அது பெக்காம் போட்டதா இருக்கும்" என்று சிரித்தாள். கண்ணாடிக் குவளையைச் சூடாக்கி முதுகில் கவிழ்த்து இரத்தம் இழுக்கும் பெக்காம் கடைகள் ஈப்போவில் தெருவுக்கு ஒன்று இருக்கின்றன.

இசபெல்லாவுக்குச் சிரிப்பு வரவில்லை. வேர்க்குரு மாதிரி. நேற்றுத்தான் பார்த்தாள், இன்னொருவன் முதுகில்.

"மூணு நாளைக்கு அப்புறமும் ரத்தம் போகுமா?"

"ஒரு நாள் போகும். அதுக்கு மேல நிக்காமப் போனா, மூஞ்சி வெளுத்துச்சினா ஆபத்து. சிறுநீரகத்தச் சுத்தி ரத்தம் கட்டியிருக்கலாம். உடனே வரணும்னு சொல்லித்தான் அனுப்புவோம். ஜெயபாலன் நல்லாத்தான் இருக்காரு. நேத்துப் போன் பண்ணேன், ஒண்ணும் இல்லைனுட்டாரு."

இசபெல்லா அங்கேயே நின்றபடி போனை எடுத்தாள். "சீனி, தனேஸ்வரன உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போ. இனி அவன்கிட்ட கேக்காத. எவன் கையெழுத்தும் வேணாம். புதன்கிழமை சிறுநீரகத்துல அதிர்வலை வாங்குன ஆளுனு டாக்டர்கிட்ட சொல்லு. ஆமாடா, இவனேதான்!"

போனை வைத்த பிறகும் ஒன்று உறுத்திக்கொண்டிருந்தது. புள்ளியையும் வட்டத்தையும் வைத்து ஒருவனைக் கொலைகாரன் என்று சொல்ல முடியாது. மருத்துவமனைக் கடுதாசி ஜெயபாலன் என்றுதான் சொல்கிறது. தம்பி செத்தாலும் வாய் திறக்க மாட்டான்.

அப்போதுதான் அவள் கண்ணாடிக்கு அப்பால் ஒழுங்காகப் பார்த்தாள்.

"இந்த ஆளு ஏன் குப்புறப் படுத்திருக்காரு?" வழக்கம்போல அற்பமான கேள்விதான்.

"அவர் கேஸ் வேற. நமக்கெல்லாம் சிறுநீரகம் முதுகுப் பக்கம், விலாவுக்குக் கீழ. மல்லாக்கப் படுக்க வச்சி அடியில இருந்து அலைய அனுப்புவோம். சில பேருக்குப் பொறப்புலயே அது மேல ஏறாம அடிவயித்துலயே நின்னுடும். சில பேருக்கு ரெண்டும் ஒட்டி, குதிரை லாடம் மாதிரி இருக்கும். இவருக்கு அடிவயித்துல. பின்னால இருந்து அடிச்சா இடுப்பெலும்பு மறிச்சிக்கும். அதான் குப்புறப் போட்டு, வயித்துப் பக்கமா அடிக்கிறோம்."

"அப்ப செம்புள்ளி எங்க வரும்?"

"தொப்புளுக்குக் கீழதான்."

"அப்படிப்பட்டவங்களுக்கு முந்திலாம் கல்லக் கீறி எடுத்தா தழும்பு எங்க இருக்கும்?"

மெலிண்டா தன் அடிவயிற்றில் இடப்பக்கமாகக் கையால் ஒரு கோடு கிழித்தாள். "இங்க இருக்கலாம்."

"புதன்கிழமை வந்தவருக்குச் சிறுநீரகம் எங்க இருந்துச்சி?"

"எல்லாருக்கும் இருக்கிற எடத்துல. முதல் நாள் வந்தப்பவே இங்கதான் படம் எடுத்தோம். வயித்துல தழும்பும் இல்ல."

இசபெல்லாவின் வாய் தானாக முணுமுணுத்தது. அத்தாஸ்? பாவா? மேலா, கீழா?

காலை 11.05. கென்னத்தின் அலுவலக மேசை இழுப்பறையை மகேந்திரன் திறந்தார். ஜெயபாலன் வேலைக்குச் சேர்ந்தபோது கொடுத்த மருத்துவக் கோப்பு அதற்குள் இருந்தது. தைப்பிங்கில் அறுவை செய்த டாக்டரின் பழைய கடிதம் மேலாக வைக்கப்பட்டிருந்தது. இடது சிறுநீரகம் பிறவியிலேயே இடுப்புக்குழியில் உள்ளது என்ற வரிக்குக் கீழே புதிதாக ஒரு பேனாக் கோடு.

சனிக்கிழமை. பிற்பகல் 1.20.

ஜெயபாலன் சாப்பிட உட்கார்ந்திருந்தார். இசபெல்லா எதிர் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டாள். மகேந்திரன் கதவருகில் நின்றார்.

"ஜெயபாலன், சட்டையத் தூக்குங்க."

"அன்னிக்கே காட்டுனேனே, புவான்."

"முதுகு வேணாம். வயித்தக் காட்டுங்க."

அவர் கை சட்டை நுனியில் நின்றது.

"உங்களுக்கு யாராவது கல்லு ஒடைச்சிருந்தா, உங்களக் குப்புறப் போட்டுத்தான் ஒடைச்சிருப்பாங்க. புள்ளி எல்லாம் அந்தத் தழும்புப் பக்கம் இருக்கும். உங்க முதுகுல மெஷினுக்கு ஒரு வேலையும் இல்ல. ஏன்னா அங்க உங்களுக்குச் சிறுநீரகமே இல்ல."

ஜெயபாலன் சட்டை நுனியை இன்னும் கீழே இழுத்துவிட்டார்.

"புதன்கிழமை அந்த மேசைல படுத்தது தனேசு. அவனுக்குக் கல்லு வலி. அரசாங்க ஆஸ்பத்திரில தேதி தள்ளிக் கெடைச்சிருக்கும். நீங்க உங்க கம்பெனி மருத்துவக் கார்டையும் ஐசியையும் குடுத்து, முதல் நாள்ல இருந்தே அவன உங்க பேர்ல அனுப்புனீங்க. பாக்குறதுக்கு ஒரே மாதிரி, யாருக்குத் தெரியும்? கென்னத்துக்குத் தெரிஞ்சிது. ஆஸ்பத்திரி அனுப்புன அறிக்கைல சிறுநீரகம் மேல இருக்கு. உங்க பழைய கோப்புல கீழ இருக்கு. ஒரே ஆளுக்கு எப்படி ரெண்டு எடத்துல இருக்கும்? அதான் அத்தாஸ், பாவானு எழுதி வச்சாரு. தம்பி வீட்டுல இருக்கானானு நேர்ல பாக்கத்தான் தோட்டத்துக்குப் போனாரு. நீங்க அத லயமாக்கிட்டீங்க. மொதல்ல உங்க வாய்லதான் அது வந்துச்சி. அந்தாளுக்கு உங்க லயத்துப் பேரே தெரியாது."

"நான்... நான் அன்னிக்கு..."

"அன்னிக்கு நீங்க ஜெலாப்பாங்ல தலைகாட்ட முடியாது. ஆஸ்பத்திரில இருக்க வேண்டிய ஆளு. அதனால தம்பி வீட்டுல, தம்பி தொப்பியப் போட்டுக்கிட்டு இருந்தீங்க. மாரியம்மா கூப்பிட்டப்ப திரும்பாம கையத் தூக்குனது நீங்க. மூணு இருவத்தஞ்சிக்குச் சுங்காய் பெட்ரோல் எண்ணெய்க் கடைக் கேமராவுல உங்க மோட்டார் இருக்கு. என்ன தேடணும்னு தெரிஞ்சப்புறம்தான் கெடைச்சிது. வியாழக்கிழமை மத்தியானம் கீழ் வீதில பெக்காம் போட்டுக்கிட்டீங்க. அந்தக் கடைக்காரரும் சொல்லிட்டாரு. தம்பி முதுகுல எங்க செவந்திருந்துச்சோ அங்கேயே போட்டீங்க. ஆஸ்பத்திரிக் கடுதாசிக்குச் சரியாத்தான் இருந்துச்சி. உங்க ஒடம்புக்குத்தான் சரியா இல்ல. கென்னத்தத் தள்ளுனது நீங்க."

தட்டில் சோறு ஆறிக்கொண்டிருந்தது. ஜெயபாலன் மெதுவாகக் கேட்டார். "தனேசு சொல்லிட்டானா?"

"இல்ல. கடைசி வரைக்கும் உங்களக் காட்டிக்குடுக்கல. இன்னிக்குக் காலைல லாக்கப்புல மயங்கி விழுந்துட்டான். உள்ள ரத்தம் கட்டியிருக்கு. ஆப்பரேசன் நடக்குது."

அவ்வளவுதான். அத்தனை நேரம் விறைத்துக்கொண்டிருந்த மனிதர் பொலபொலவென்று உதிர்ந்துவிட்டார். "ஐயோ, என் சாமி! பொறுத்துக்கடானு நான்தான் சொன்னேன், புவான். ரெண்டு நாள்ல சரியாயிடும்னு நெனைச்சேன். டாக்டர்கிட்ட போனா அந்தப் புள்ளியப் பாத்துக் கண்டுபிடிச்சிருவாங்களேனு..."

தலையில் தலையில் அடித்துக்கொண்டார். மகேந்திரன் கையைப் பிடித்து நிறுத்த வேண்டியிருந்தது.

"கொல்லணும்னு போகல, புவான். அந்தாளு வாசல்ல வந்து நின்னாரு. என்னயப் பாத்தாரு. 'ஜெயா, நீ இங்க நிக்கிறன்னா அங்க படுத்திருக்கிறது யாரு'ன்னாரு. கால்ல விழுந்தேன். 'நான் எழுதித்தான் ஆகணும்'னு கொட்டகைப் பக்கமா நடந்தாரு, போன எடுத்துக்கிட்டு. நான் அந்தப் போனப் புடுங்கப் போயி... ஒரே ஒரு தள்ளு. தொட்டி பின்னால இருந்தத நான் பாக்கல."

"அவரு கெட்ட மனுசன் இல்ல. நேர்ல பாக்காம எழுத மாட்டேன்னு சம்சாரத்துகிட்ட சொல்லிட்டு வந்தாரு. நீங்க அவரத் தூக்கிட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடியிருந்தா?"

ஜெயபாலன் அழுகையை நிறுத்தி அவளைப் பார்த்தார். அதை அவர் அந்த மூன்று நாளாக யோசித்துக்கொண்டிருந்தார் என்பது அந்தப் பார்வையிலேயே தெரிந்தது. "பயந்துட்டேன்" என்றார். பிறகு எழுந்து கை கழுவிக்கொண்டு வந்து, இரண்டு கையையும் நீட்டினார்.

தம்பிக்காகத் தன் பெயரையே தூக்கிக் கொடுத்த மனுசன்தான், அதே தம்பியை இரத்தம் போகப் போகப் பொறுத்துக்கொள்ளச் சொல்லியிருக்கிறார். இசபெல்லாவுக்கு அவரை வெறுக்க வேண்டும் போலிருந்தது. முழுசாக வெறுக்கவும் முடியவில்லை. அந்த எரிச்சலில், ஒன்றும் செய்யாத மகேந்திரன் மேல் வண்டியில் எரிந்து விழுந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை. மாலை 4.00.

தனேஸ்வரன் பிழைத்துக்கொண்டான். சிறுநீரகத்தையும் காப்பாற்றியாகிவிட்டது; ஒரு நாள் தாமதித்திருந்தால் கையை விரித்திருப்போம் என்றார் டாக்டர். கட்டில் தலைமாட்டில் அவன் சொந்தப் பெயரை எழுதி ஒட்டியிருந்தார்கள். கையில் விலங்கு இல்லை. பொய்ப் பேரில் வைத்தியம் பார்த்ததற்கு ஒரு கேஸ் வரும். அது பிறகு.

இசபெல்லா நடந்ததை எல்லாம் ஒளிக்காமல் சொன்னாள். அண்ணன் ஒத்துக்கொண்டதை, கையெழுத்துப் போட்டதை, திங்கட்கிழமை கோர்ட்டுக்குக் கொண்டு போவதை. அவன் கூரையைப் பார்த்தபடி கேட்டுக்கொண்டிருந்தான்.

"உனக்குத் தெரியுமா, அவர்தான்னு?"

"பஸ் ஸ்டேசன்ல நான் ஐசியத் திருப்பிக் குடுத்தப்பவே அவர் என் மூஞ்சியப் பாக்கல. கேக்கல. ராத்திரி பஸ்ஸ விட்டு எறங்கிப் போலீசப் பாத்தப்பப் புரிஞ்சிது."

"தெரிஞ்சும் உள்ள கெடந்தியா? செத்துருப்படா!"

அவன் தலையைத் திருப்பினான். கண் சிவந்திருந்தது. அதில் நன்றியைத் தேடியிருந்தால் இசபெல்லா ஏமாந்திருப்பாள்.

"உங்கள யாரு கண்டுபிடிக்கச் சொன்னா?" என்று கத்தினான். "எனக்கு இருக்கிறது அவர் ஒருத்தருதான். இப்ப எனக்கு யாரு இருக்கா, சொல்லுங்க!"

நர்ஸ் ஓடி வந்து சத்தம் போடக் கூடாது என்றாள். அவன் ஊசி குத்திய கையால் முகத்தை மூடிக்கொண்டு விக்கினான். இசபெல்லா நாற்காலியை விட்டு எழுந்திரிக்கவில்லை.  கென்னத்தின் வீட்டில் பமேலாவும் இதே கேள்வியைத்தான் வேறு மாதிரி கேட்டிருந்தாள், நேற்று.

நர்ஸ் போன பிறகு அவன் முகத்திலிருந்து கையை எடுத்தான்.

"புவான்."

"சொல்லு."

"அண்ணே சாப்டாரா?"